ரேடியேட்டர் ஒழுகுகிறது, மூன்று பேர் மூன்று விலை சொல்கிறார்கள்

வாசகர் கேள்வி – பதில்: வீட்டு வண்டி

கேள்வி: வணக்கம் அண்ணா. எங்கள் கார் பன்னிரண்டு வருடம் ஓடிய வண்டி, பெட்ரோல், ஆட்டோமேட்டிக் கியர். ஒரு மாதமாகக் காலையில் பார்த்தால் அடியில் பச்சைத் தண்ணீர் சொட்டிக் கிடக்கிறது. என் கணவர் தினமும் குழாய்த் தண்ணீரை ஊற்றிக்கொண்டு ஓட்டுகிறார். வண்டி கம்பெனியின் ஏஜென்டிடம் காட்டினோம், ரேடியேட்டர், ஹோஸ், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் எல்லாம் மாற்ற வேண்டும், 14,500 ராண்ட் ஆகும் என்றார்கள். பக்கத்துத் தெரு மெக்கானிக் ரேடியேட்டர் மட்டும் போதும், 3,800 ராண்ட் என்கிறார், ஆனால் எதையும் எழுதித் தர மறுக்கிறார். மைத்துனரோ ஸ்கிராப் யார்டில் 700 ராண்டுக்கு வாங்கிப் போடலாம் என்கிறார். அடுத்த மாதம் ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் நாத்தனார் மகள் கல்யாணம், இந்த வண்டியில்தான் போக வேண்டும். யார் சொல்வதைக் கேட்பது?
– ஒரு வாசகி, சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: தங்கச்சி, முதலில் பயணத்தைப் பேசிவிடுவோம். ஒழுகலைச் சரி பண்ணாமல் இந்த வண்டியை என்3 நெடுஞ்சாலையில் ஏற்றாதீர்கள். நாம் இருப்பது கடல் மட்டத்தில், ஜோகன்னஸ்பர்க் இருப்பது 1,700 மீட்டருக்கு மேலே. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கை விட்டதுமே டவுன் ஹில் ஏற்றம், அதற்கப்புறம் வான் ரீனன் கணவாய். கடைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போய்வரத் தாங்குகிற ரேடியேட்டர், ஆளும் சாமானும் நிறைந்த வண்டியில் அந்த மேட்டில் தாங்கும் என்று நம்ப முடியாது.

காரணம் இதுதான். வண்டியின் கூலிங் முழுக்க அழுத்தத்தை நம்பி ஓடுகிறது, நம் வீட்டு குக்கர் மாதிரி. மூடி சுமார் 1 பார் அழுத்தத்தை உள்ளே பிடித்து வைப்பதால்தான் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீர் 120 டிகிரி வரைக்கும் கொதிக்காமல் நிற்கிறது. ஓட்டை இருந்தால் அந்த அழுத்தம் நிற்காது. அழுத்தம் இல்லாமல் ஜோகன்னஸ்பர்க் உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், எஞ்சினோ வழக்கமாகவே 90 டிகிரியை ஒட்டித்தான் ஓடும். மிச்சம் எவ்வளவு என்று நீங்களே பாருங்கள். இன்னொன்று, டெம்பரேச்சர் முள் ஏறினால் நிறுத்திக்கொள்ளலாம் என்று தைரியமாக இருக்க வேண்டாம். தண்ணீர் ஒரேயடியாகக் குறைந்துவிட்டால் சென்சாரைத் தொடத் தண்ணீரே இருக்காது, முள் இறங்கிக்கூடக் காட்டும், அதற்குள் எஞ்சினின் மேல்மூடியான அலுமினிய ஹெட் வளைந்துவிடும். அந்தச் செலவுக்கு முன்னால் 14,500 சின்னத் தொகை.

இப்போது விலைக்கு வருகிறேன். மூன்று பேரும் விலை சொல்லியிருக்கிறார்கள் சரி, ஆனால் எங்கே ஒழுகுகிறது என்று காட்டியவர் யார்? உங்கள் கடிதத்தில் அப்படி ஒருவரும் இல்லை. அதனால் எந்த விலைக்கும் இன்னும் தலையாட்டாதீர்கள். பிரஷர் டெஸ்ட் பண்ணச் சொல்லுங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அந்த இடத்தில் ஒரு கைப்பம்பை மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அளவுக்குக் காற்றை ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்ப்பார்கள். பம்பில் அழுத்தம் காட்டும் முள் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது, டார்ச் அடித்துத் தேடினால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். காய்ந்துபோன பச்சை அல்லது வெள்ளைப் படிவம் இருக்கும் இடமே பாதி சாட்சி. மூடியையும் அதே கருவியில் சோதிக்கலாம், பல நேரம் மூடி மட்டும் கெட்டிருக்கும், அதன் விலை மிகச் சொற்பம்.

வாட்டர் பம்புக்கு அடியில் ஒரு சின்னத் துளை உண்டு, அதில் ஈரம் இருந்தால் பம்ப் மாற்றச் சொன்னது நியாயம். ஈரம் இல்லையென்றால் ஏன் மாற்ற வேண்டும் என்று கேளுங்கள். பெல்ட் கழற்றுகிற வேலையோடு பம்பையும் சேர்த்தால் கூலி மிச்சம் என்று சொன்னால் அதுவும் சில எஞ்சின்களில் உண்மைதான். முன் சீட்டுக் கால்மிதி நனைந்து இனிப்பு வாடை அடித்தால் ஒழுகுவது ஹீட்டர், ரேடியேட்டர் இல்லை. வெளியே எங்குமே ஈரமில்லாமல் தண்ணீர் குறைந்தால் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும், உங்களுக்குத் தரையிலேயே சொட்டுவதால் அவ்வளவு பயம் வேண்டாம்.

ரேடியேட்டர்தான் என்று உறுதியானால் மாற்றிவிடுங்கள். அந்தக் காலத்துப் பித்தளை ரேடியேட்டரை ஈயம் வைத்து அடைத்துவிடுவார்கள். இப்போது வருவது அலுமினியம், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டி, அந்த பிளாஸ்டிக் வருடக்கணக்காகச் சூடுபட்டு வெடித்துவிட்டால் ஒட்டுப்போட்டு நிற்காது. கம்பெனிப் பெட்டியில் வருவதுதான் வேண்டும் என்பதில்லை, நம் சாலையில் நிறைய ஓடுகிற வண்டி என்றால் வெளி உற்பத்தியாளர்களின் புதிய ரேடியேட்டர் நல்லதாகவே கிடைக்கும்.

ஆனால் மைத்துனர் சொன்ன பழைய சாமான் மட்டும் வேண்டாம். உங்களுடையது ஆட்டோமேட்டிக். பல ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்கு உள்ளேயேதான் போகிறது. அது உள்ளே அரித்துப்போய் தண்ணீரும் எண்ணெயும் கலந்தால் கியர்பாக்ஸே போய்விடும், 700 ராண்டுக்கு வாங்கி மிச்சம் பிடித்ததற்கு அது என்ன கணக்கு? இப்போது இருக்கிற கியர் எண்ணெயையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். இளஞ்சிவப்புப் பால் மாதிரி இருந்தால் வண்டியை எடுக்கவே கூடாது.

எழுதித் தர மாட்டேன் என்கிறவர் விஷயம். அவர் கைத்திறனைக் குறை சொல்லவில்லை, வீட்டு கேரேஜில் வேலை செய்கிற எத்தனையோ பேர் பெரிய வொர்க்‌ஷாப்பைவிட நன்றாகச் செய்கிறார்கள். ஆனால் நம் தென்னாப்பிரிக்காவின் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது, அதை விட்டுக்கொடுக்காதீர்கள். 15ஆம் பிரிவுப்படி மதிப்பீடு கொடுத்து உங்கள் சம்மதம் வாங்க வேண்டும். நடுவில் செலவு கூடினால் மறுபடி உங்களைக் கேட்காமல் கூடுதலாக வாங்கக் கூடாது. சோதித்துப் பார்க்கக் காசு என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். 57ஆம் பிரிவுப்படி, போட்ட புதிய சாமானுக்கும் கூலிக்கும் குறைந்தது மூன்று மாதம் வாரண்டி. 67ஆம் பிரிவுப்படி கழற்றிய பழைய சாமானை உங்களிடம் திருப்பித் தர வேண்டும், அதை வாங்கிப் பார்த்தாலே உண்மையில் மாற்றினார்களா என்று தெரிந்துவிடும். தாளில் எழுத அவருக்குத் தயக்கம் என்றால் வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லுங்கள்: என்ன சாமான், எந்த பிராண்ட், கூலி எவ்வளவு, கூலன்ட் (ரேடியேட்டரில் ஊற்றும் அந்தப் பச்சைத் திரவம்) சேர்த்தா, 15 சதவீத வாட் வரி சேர்த்தா. அதற்கும் மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள். தகராறு வந்தால் மியோசா எனப்படும் மோட்டார் தொழில் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கையில் எழுத்து இருந்தால்தான் அங்கேயும் பேச முடியும்.

உங்கள் கணவரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள். சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது, முகமும் கையும் வெந்துபோகும். குழாய்த் தண்ணீரை ஊற்ற ஊற்றக் கூலன்டில் இருக்கும் துரு தடுப்பு மருந்து நீர்த்துப்போகும், உள்ளே அரிப்புத் தொடங்கும். புது ரேடியேட்டர் போடும்போது பழையதை முழுக்க வடித்துவிட்டு, வண்டிப் புத்தகத்தில் சொன்ன கூலன்டை ஊற்றி, உள்ளே சிக்கிய காற்றையும் எடுத்துவிடச் சொல்லுங்கள். கல்யாணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்னாடியே வேலையை முடித்து உள்ளூரில் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: மஞ்சள் தூள் போட்டால் ஒழுகல் நிற்கும் என்கிறார் என் மாமனார். கடையில் விற்கிற அடைப்பு மருந்து நல்லதா?
– ஒரு வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: ஊசி முனை ஓட்டை என்றால் இரண்டுமே ஒழுகலைக் கொஞ்ச நேரம் நிறுத்தும். நடுவழியில் மாட்டிக்கொண்டு வீடு வந்து சேர வேறு வழியில்லை என்றால் கடை மருந்தைப் போடுங்கள். மற்ற நேரத்தில் வேண்டாம், ஓட்டையை அடைக்கிற அதே பொருள் ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைத்துவிடும்.

கேள்வி: கூலன்ட் சிந்தியதை எங்கள் நாய் நக்கிவிட்டது, நன்றாகத்தான் இருக்கிறது. கவலைப்பட வேண்டுமா?
– ஒரு வாசகி, டொங்காட்

பதில்: பத்திரிகை வரும்வரை காத்திருக்கக் கூடாது என்று உங்களுக்கு உடனே தனியாகப் பதில் அனுப்பிவிட்டோம், மற்றவர்களுக்காக இங்கேயும் சொல்கிறேன். பெரும்பாலான கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, கொடிய விஷம். நாய் முதலில் நன்றாக இருப்பதுபோலவே தெரியும், சிறுநீரகம் அதற்கப்புறம் கெடும். மாற்று மருந்து முதல் சில மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன், அதனால் நக்கியது தெரிந்த நிமிடமே கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும், கூலன்ட் டப்பாவையும் கையோடு எடுத்துப் போங்கள். சிந்திய இடத்தில் மணலைப் போட்டு ஒற்றி எடுத்து, கட்டிக் குப்பையில் போட்ட பிறகு தரையை நன்றாகக் கழுவிவிடுங்கள்.