ஜீவபுஸ்தகம் உண்மையான நூலா, உருவகமா?

வேதாகமம் கூறும் ஜீவபுஸ்தகம் என்பது, கடவுள் தமக்குரியவர்களாக ஏற்றுக்கொண்டோரின் பெயர்ப் பதிவேடு. அது எழுத்துப்படியே ஒரு நூல் என்று நம்புவோரும் உண்டு. உருவகம் என்று கொள்வதே பொருத்தம் என்பது என் கருத்து.

எதையும் மறவாத கடவுளுக்குக் குறிப்பேடு எதற்கு என்பது ஒருபுறமிருக்க, வலுவான காரணம் அக்காலத்து வழக்கத்திலேயே இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பிய யூதர்களில் சில ஆசாரிய (ஆலய குருக்கள்) குடும்பத்தினர், தங்கள் வம்ச அட்டவணை கிடைக்காததால் ஆசாரிய ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டதை நெகேமியா 7-ஆம் அதிகாரம் சொல்கிறது. ஏட்டில் பெயர் இருந்தால்தான் உரிமை என்பதை இவ்வாறு நேரில் அறிந்திருந்த மக்களுக்கு, கடவுளிடம் உள்ள உறவை விளக்க இதைவிடத் தெளிவான படம் கிடைத்திருக்காது. பிலிப்பியர் 4:3-இல் அப்போஸ்தலனாகிய பவுல் தம் உடன்வேலையாட்களின் பெயர்கள் ஜீவபுஸ்தகத்தில் இருப்பதாக எழுதுவதும் இப்படித்தான்.

"நீ செய்த உதவியை நெஞ்சில் எழுதி வைத்திருக்கிறேன்" என்று ஒருவர் சொன்னால், நாம் அங்கே மையைத் தேடுவதில்லை. அதைப் பொய்யென்றும் நினைப்பதில்லை.

ஜீவபுஸ்தகத்தைச் சித்திரகுப்தனின் பாவபுண்ணியக் கணக்கைப் போலப் பலர் எண்ணுவது சரியன்று. வெளிப்படுத்தின விசேஷம் 20:12, மனிதரின் செயல்கள் எழுதப்பட்ட புத்தகங்களையும் ஜீவபுஸ்தகத்தையும் வெவ்வேறாகவே குறிப்பிடுகிறது.