பேக்லாகை முடிச்சா ஸ்கோர் ஏன் கீழ போகுது?

கேள்வி கேட்டிருக்கிறவர் அமெரிக்காவுல ஒரு மாநில லேபர் டிபார்ட்மென்ட்ல டேட்டா அனலிஸ்ட். அவர் சொன்னது சுருக்கமா இதுதான்: தேங்கிக் கெடந்த பழைய அன்எம்ப்ளாய்மென்ட் கிளெய்ம் (வேலை போனவங்க உதவித்தொகை கேட்டுப் போட்ட மனு) எல்லாத்தையும் கூடுதலா ஆள் போட்டு, ஓவர்டைம் குடுத்து முடிச்சிட்டு வர்றோம், ஆனா ஃபெடரல் அரசுக்கு அனுப்புற டைம்லினஸ் நம்பர் (எத்தனை சதவீதம் நேரத்துக்குப் போச்சுங்கிற கணக்கு) ஏறாம மாசாமாசம் சரியுது, டைரக்டருக்கு என்ன பதில் சொல்றது? கூடவே டிபார்ட்மென்ட் சேவை முழுசுக்கும் ஒரு டேஷ்போர்டு போடச் சொல்லியிருக்காங்க, எதை அளக்கறது?

முதல்ல நிம்மதியா இருங்க, உங்க டேட்டால தப்பு எதுவும் இருக்கணும்னு இல்ல, அந்த அளவுகோலோட குணமே அதுதான். ஃபெடரல் விதி என்ன கேக்குது? முதல் பேமென்ட்ல 87 சதவீதம் குறிப்பிட்ட நாளுக்குள்ள போயிருக்கணும், வெயிட்டிங் வீக் (பணம் கிடைக்காத முதல் வாரம்) இருக்கிற மாநிலம்னா 14 நாள், இல்லாத மாநிலம்னா 21 நாள். சரி, எதுல 87? ரிப்போர்ட் போடுற அந்தக் காலகட்டத்துல *குடுத்து முடிச்ச* பேமென்ட்ல. நாலு மாசமா காத்துக்கிட்டு இருக்கிறவர் இந்தக் கணக்குலயே கிடையாது. அவருக்கு என்னிக்கு பணம் போகுதோ அன்னிக்குத்தான் உள்ள வர்றார், அதுவும் "லேட்"ங்கிற முத்திரையோட.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டு டைரக்டர்கிட்ட காட்டுங்க. வழக்கமான மாசத்துல 1,000 முதல் பேமென்ட், அதுல 900 நேரத்துக்கு, ஸ்கோர் 90. அடுத்த மாசம் அதே 1,000 பேரோட பழைய கேஸ் 500 பேரையும் முடிச்சீங்க, மொத்தம் 1,500, நேரத்துக்குப் போனது அதே 900, ஸ்கோர் 60. வேலை அதிகமா நடந்த மாசம் ரிப்போர்ட்ல மோசமான மாசமாத் தெரியும். இதையே திருப்பிப் பாருங்க, பழசை எல்லாம் அப்படியே போட்டுட்டு இன்னிக்கு வந்த ஈஸி கேஸை மட்டும் தள்ளிவிட்டா ஸ்கோர் ஜம்முனு ஏறும். பந்தியில சாப்பிட்டு எழுந்தவங்ககிட்ட மட்டும் "சீக்கிரம் பரிமாறினாங்களா"னு கேட்டுட்டு, வாசல்ல நிக்கிறவங்களை எண்ணாம விடுற கதைதான்.

அதுக்காக 87-ஐ தூக்கிப் போட முடியாது, அது 1971-ல கலிஃபோர்னியா வழக்குல உச்ச நீதிமன்றம் பணத்தை இழுத்தடிக்கக் கூடாதுன்னு சொன்ன அதே சட்ட அடிப்படையில வர்றது, கட்டாயம் அனுப்பியே ஆகணும். ஆனா உள்ளுக்குள்ள பாக்குற பலகைல அதுகூட ரெண்டு எண் சேருங்க. ஒண்ணு, இன்னிக்கு தேதில முடியாம இருக்கிற கேஸ் எத்தனை, அதுல 21 நாள் தாண்டினது, 35 தாண்டினது, 70 தாண்டினது எத்தனைன்னு வயசு வாரியா. இன்னொண்ணு, அப்ளை பண்ண வாரத்தை வச்சு கணக்கு, அதாவது மார்ச் முதல் வாரம் அப்ளை பண்ண அத்தனை பேர்லயும் எத்தனை பேருக்கு 14, 21, 35 நாள்ல ஒரு பதில் போச்சு, பணமோ மறுப்போ ஏதோ ஒண்ணு. இந்த ரெண்டாவதுல ஏமாத்த முடியாது, ஏன்னா வகுக்குற மொத்த எண்ணிக்கை முதல்லயே பூட்டியாச்சு, யாரையும் வெளிய விடவும் முடியாது, லேட்டா உள்ள கொண்டு வரவும் முடியாது. நான் ஒரே ஒரு சார்ட் மட்டும் போடலாம்னு சொன்னா இதைத்தான் போடுவேன்.

அடுத்தது கடிகாரம் எங்க ஸ்டார்ட் ஆகுதுங்கிறது. முதல் பேமென்ட் நாள் கணக்கு அப்ளை பண்ண தேதிலேர்ந்து இல்ல, பணம் பெறத் தகுதியான முதல் வாரம் முடியுற நாள்லேர்ந்து. அதனால உங்க ரிப்போர்ட்ல 14 நாள்னு இருக்கிறவர் வீட்டுல அப்ளை பண்ண நாள்லேர்ந்து எண்ணி நாலு வாரம்னு சொல்லுவார், ரெண்டு பேர் சொல்றதும் நிஜம். அதேபோல "ஏன் வேலை போச்சு, தானா விட்டாரா, நீக்கினாங்களா" மாதிரி தகராறு இருக்கிற கேஸ்ல 80 சதவீதத்துக்கு 21 நாள்ல முடிவு சொல்லணும். அங்க நாள் ஆரம்பிக்கறது பிரச்சினையைக் காட்டுற தகவல் டிபார்ட்மென்ட் கைக்கு வந்த நாள்லேர்ந்து, ஊழியர் அந்த லெட்டரைத் திறந்து பார்த்த நாள்லேர்ந்து இல்ல. உங்க சிஸ்டம் எந்தத் தேதியை எடுக்குதுன்னு புரோகிராமர்கிட்ட வாயால கேக்காதீங்க, முப்பது நாப்பது கேஸ் ஃபைலை நீங்களே திறந்து தேதியை ஒப்பிட்டுப் பாருங்க, போரடிக்கும்தான், ஆனா வேற வழி இல்ல.

கால் சென்டர்லயும் இதே வியாதிதான். "சராசரி வெயிட்டிங் 12 நிமிஷம்"னு பெருமையா போடுவாங்க, அது லைன் கிடைச்சு கடைசி வரைக்கும் காத்திருந்தவங்களோட சராசரி, பிஸி டோன் கேட்டவர், வெறுத்துப்போய் வச்சவர் யாரும் அதுல இல்ல. அதனால கால் எண்ணிக்கையைப் பார்க்காம ஆளைப் பாருங்க, ஒரு வாரத்துல எத்தனை தனித்தனி நம்பர் கூப்பிட்டுச்சு, அதுல எத்தனை பேர் ஒரு ஆள்கிட்ட பேசினாங்க, பேசினவங்கள்ல எத்தனை பேர் ஏழு நாளைக்குள்ள திரும்பவும் கூப்பிட்டாங்க. திரும்பக் கூப்பிடுறவங்க நிறைய இருந்தா அது பெரும்பாலும் கால் சென்டர் பிரச்சினை இல்ல, நீங்க அனுப்புற நோட்டீஸ் யாருக்கும் புரியலைன்னு அர்த்தம். மொழி வாரியா பிரிச்சும் பாருங்க, இங்கிலீஷ் தெரிஞ்சவருக்கு ஒரு வாரம், ஸ்பானிஷ் பேசுறவருக்கு மூணு வாரம்னு இருந்தா மொத்த சராசரில அது மறைஞ்சு போயிடும்.

வேகத்தை மட்டும் தள்ளினா தப்பு ஏறும், இது எல்லாருக்கும் தெரியும். ஆனா தப்புன்னாலே தகுதி இல்லாதவருக்கு பணம் போனதைத்தான் பேசுறாங்க, ஃபெடரல் வரம்பும் 10 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும்னு சொல்றது குடுத்த பணத்துல நடந்த தப்பைத்தான். தகுதி இருந்தும் மறுத்ததும் தப்புதானே? அதுக்கும் டேட்டா உங்ககிட்டயே இருக்கு. பெனிஃபிட் துல்லியத்தை அளக்குற சாம்பிள் புரோகிராம்ல பணம் குடுத்த கேஸ் வருஷத்துக்கு 480 எடுக்குறாங்க (ரொம்ப சின்ன பத்து மாநிலத்துல 360), மறுத்த கேஸும் தனியா மூணு வகைல, வகைக்கு 150 எடுக்குறாங்க. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க. ஒரு எச்சரிக்கை, இவ்வளவு சின்ன சாம்பிள்ல தப்பு விகிதம் போன வருஷம் 11, இந்த வருஷம் 9.5னு வந்தா உடனே கேக் வெட்டாதீங்க, அந்த வித்தியாசம் வெறும் சாம்பிள் ஆட்டமா இருக்கலாம், ப்ளஸ் ஆர் மைனஸ் எவ்வளவுன்னு போடாம அந்த எண்ணை வெளிய விடாதீங்க. அப்பீல்ல முடிவு மாறுற சதவீதத்தையும் பாருங்க, ஆனா அப்பீலே போடத் தெரியாதவர் அதுலயும் இல்ல.

யூஐ (அன்எம்ப்ளாய்மென்ட் இன்ஷூரன்ஸ், இதுவரைக்கும் பேசினது) தவிர மத்த சேவைகள்ல எனக்கு ரொம்ப முக்கியமாப் படுறது சம்பளப் புகார், முதலாளி கூலி குடுக்கலைன்னு தொழிலாளி வந்து குடுக்குற கம்ப்ளைன்ட். இதுக்கு யூஐ மாதிரி நாடு முழுக்க ஒரே அளவுகோல் கிடையாது, அதனால ஒவ்வொரு மாநிலமும் தனக்கு வசதியானதைப் போட்டுக்குது, பெரும்பாலும் "இவ்வளவு மில்லியன் டாலர் தீர்ப்பு வாங்கிக் குடுத்தோம்"னு. தீர்ப்பு ஆனது வேற, வசூல் ஆகி தொழிலாளி கைக்குப் போனது வேற. கம்பெனியை மூடிட்டு வேற பேர்ல நடத்துற முதலாளிகிட்ட தீர்ப்பைக் காட்டி என்ன பண்றது? தீர்ப்புத் தொகை, கைக்குப் போன தொகை, புகார் குடுத்த நாள்லேர்ந்து பணம் வந்த நாள் வரைக்கும் எத்தனை நாள், இந்த மூணும் ஒரே வரில இருக்கணும். கலிஃபோர்னியால மாநில ஆடிட்டரே 2024-ல சொன்னாங்க, 2022-23 நிதியாண்டு முடிவுல 47,000 புகார் தேங்கியிருந்துச்சு, பல கேஸ் ரெண்டு வருஷத்துக்கும் மேல இழுக்குதுன்னு. முடிச்ச கேஸ் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கிட்டு இருந்தா இது கண்ணுலயே படாது.

வேலை தேடித் தர்ற, ட்ரெயினிங் குடுக்குற பக்கம் வியோவாங்கிற (WIOA) 2014 ஃபெடரல் வேலைப்பயிற்சிச் சட்டத்துல ஆறு அளவு வச்சிருக்காங்க. திட்டத்தை முடிச்சு வெளிய போனப்புறம் ரெண்டாவது காலாண்டுலயும் நாலாவது காலாண்டுலயும் வேலைல இருக்காரா, வரிசைல நடுவுல இருக்கிறவர் சம்பளம் எவ்வளவு, சர்டிஃபிகேட் வாங்கினாரா, படிப்புல முன்னேற்றம் உண்டா, முதலாளிகளுக்கு சேவை எப்படி. அதை நீங்க மாத்த முடியாது, நான் ரொம்ப சொல்லப் போறதில்ல, ரெண்டு விஷயம் மட்டும். இந்த டேட்டா முக்கால்வாசி காலாண்டு சம்பளப் பதிவுலேர்ந்து வர்றதால இன்னிக்கு சேர்த்த ஆளோட ரிசல்ட் தெரிய ஒரு வருஷத்துக்கு மேல ஆகும், மேனேஜர் அதை வச்சு இந்த மாசம் எதையும் சரிபண்ண முடியாது. அப்புறம் எளிதா வேலை கிடைக்கக்கூடியவங்களாப் பொறுக்கிச் சேர்த்துக்கிட்டா எண் அழகா வரும், அதனால யாரைச் சேர்த்தாங்க, யாரைத் திருப்பி அனுப்பினாங்கங்கிற விவரத்தை ரிசல்ட் பக்கத்துலயே வைங்க.

டேஷ்போர்டு முதல் பக்கத்துல ஏழு எட்டு எண்ணுக்கு மேல வேண்டாம். சராசரியை எடுத்துட்டு நடுவுல இருக்கிறவருக்கு எத்தனை நாள், பத்துல ஒருத்தர் எத்தனை நாளுக்கு மேல காத்திருக்கார்னு போடுங்க, சராசரிக்குள்ள இந்தக் கடைசி ஆள் தொலைஞ்சு போயிடுவார். இந்த எண்ணை வச்சு தனிப்பட்ட ஊழியருக்கு மார்க் போடுறதுக்கு மட்டும் ஒத்துக்காதீங்க, போட்ட அடுத்த மாசமே கஷ்டமான கேஸ் எல்லாம் மேஜை மேஜையா சுத்த ஆரம்பிச்சுடும்.

டைரக்டருக்கு பதில்: 35 நாள் தாண்டின கேஸ் மிச்சம் எத்தனைன்னு எடுங்க, வாரத்துக்கு எத்தனை முடியுது, புதுசா எத்தனை அந்த வயசைத் தாண்டுதுன்னு பாருங்க, முடியுறதுலேர்ந்து தாண்டுறதைக் கழிச்சு, வர்றதை வச்சு மிச்சத்தை வகுத்தா இன்னும் எத்தனை வாரம் ஸ்கோர் அடிவாங்கும்னு கிடைச்சிடும். கழிச்சா மைனஸ் வந்துச்சுன்னா பேக்லாக் குறையவே இல்ல, ஸ்கோரைப் பத்திப் பேசுறதை விட்டுட்டு ஆள் கேட்டு லெட்டர் எழுதச் சொல்லுங்க. ப்ளஸ்ல வந்தா அந்த வாரக் கணக்கை ஃபெடரல் ரிவ்யூவுக்கு முன்னாடியே, அவங்க கேக்குறதுக்கு முன்னாடியே, எழுத்துல அனுப்பிடச் சொல்லுங்க.