மூன்று ஷில்லிங் மூன்று பென்ஸ்

அன்புள்ள ஐயா,

தென்னாப்பிரிக்காவில் டச்சு வழியினரான போயர்களின் குடியரசாக இருந்த டிரான்ஸ்வாலுக்குள் ஜேம்சன் என்ற பிரிட்டிஷ்காரர் ஆயுதப்படையுடன் புகுந்த ஜேம்சன் ஊடுருவலைப் பற்றிய உங்கள் கட்டுரையில், டிரான்ஸ்வால் அதிபர் க்ரூகர் பிரிட்டனிடம் இழப்பீடு கோரியதை ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். ஐந்தே நாளில் முறியடிக்கப்பட்ட ஒரு தாக்குதலுக்குப் பதினாறு லட்சம் பவுண்டுக்கு மேல் கேட்டது பேராசை அல்லவா? பணம் கிடைத்ததா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஒரே வரியில் கடந்தது என் பிழைதான். 1897 பிப்ரவரியில் க்ரூகர் அரசு அளித்த கணக்கில் இரண்டு தலைப்புகள் இருந்தன. படை திரட்டிய செலவு உள்ளிட்ட பொருள் இழப்புக்கு 677,938 பவுண்டு 3 ஷில்லிங் 3 பென்ஸ். 'தார்மீக, அறிவுசார் பாதிப்பு'க்கு 1,000,000 பவுண்டு. முதல் தொகை மளிகைக்கடைச் சிட்டைபோல் பென்ஸ்வரை துல்லியம், இரண்டாவது முழு எண். நகைப்புக்கு இடமானது இந்த இரண்டாவது தொகைதான். எனக்கோ அதுவே நியாயமானதாகத் தோன்றுகிறது.

1895 டிசம்பர் 29 அன்று ஏறத்தாழ 500 பேருடன் எல்லையைக் கடந்த ஜேம்சன் வழிப்பறிக்காரர் அல்லர். அரச சாசனம் பெற்ற பிரிட்டிஷ் தென்னாப்பிரிக்க கம்பெனியின் நிர்வாகி. அவருக்குப் பின்னால் நின்ற சிசில் ரோட்ஸ் அப்போது அண்டை பிரிட்டிஷ் குடியேற்றமான கேப் காலனியின் பிரதமர். ஜனவரி 2 அன்று டோர்ன்கொப்பில் சரணடைந்தவர்களைக் க்ரூகர் தாமே தண்டிக்காமல் பிரிட்டனிடம் ஒப்படைத்தார். லண்டனில் ஜேம்சனுக்குக் கிடைத்தது 15 மாதச் சிறை; அதிலிருந்தும் உடல்நலக் குறைவைக் காட்டி அந்த ஆண்டு முடிவதற்குள்ளேயே விடுவித்தார்கள். 1904-இல் அவரே கேப் காலனியின் பிரதமரானார். பிரிட்டனை நம்பிக் குற்றவாளியை ஒப்படைத்த நாடு, அந்த நம்பிக்கை வீணானதற்கு வேறு எந்தத் தலைப்பில் கணக்கு எழுதும்?

பணம் வரவில்லை. ஜேம்சனோடு சேர்ந்து க்ரூகர் அரசைக் கவிழ்க்க ஜோஹன்னஸ்பர்க்கில் நடந்த சதியின் தலைவர்கள் நால்வர் மரண தண்டனையிலிருந்து தப்பக் கட்டிய தலா 25,000 பவுண்டு அபராதத்தைச் சிலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது வேறு கணக்கு. 1899-இல் பிரிட்டனுடன் நடந்த புளூம்ஃபொன்டைன் மாநாட்டில் க்ரூகர் இழப்பீட்டுப் பேச்சை மீண்டும் எடுத்தார். அக்டோபரில் பிரிட்டனுக்கும் போயர்களுக்கும் போர் மூண்டது.

ஆனால் க்ரூகரின் கணக்கிலும் விடுபட்டவர்கள் உண்டு. கம்பெனியின் ஆட்சிக்குள் தங்கள் நாடு போய்விடக் கூடாது என்று முறையிட, சுவானா தலைவர்களான கமா, செபெலே, பதோயென் மூவரும் 1895-இல் லண்டன்வரை சென்றனர். பெரும்பகுதியைக் காத்துக்கொண்டாலும், இன்றைய போட்ஸ்வானாவான பெச்சுவானாலாந்தின் எல்லையோரமாக ஒரு நிலப்பட்டையை ரயில் பாதைக்கென்று விட்டுக்கொடுக்க நேர்ந்தது. ஜேம்சன் புறப்பட்ட பிட்சானி அந்த எல்லைப் பகுதியில்தான் இருந்தது. ரயிலுக்கு முன்பே குதிரைப்படை வந்துவிட்டது. கம்பெனி ஆண்ட மாட்டபெலெலாந்திலிருந்து காவல்படையின் பெரும்பகுதியை அவர் இந்தச் சாகசத்துக்கு இழுத்துச் சென்றிருந்த நிலையில், 1896 மார்ச்சில் அங்கே ந்டெபெலெ மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அதை அடக்கியபோது மாண்டவர்களுக்கும், பாதைக்கென்று சொல்லி வாங்கிய அந்த நிலத்துக்கும் டிரான்ஸ்வால் தலைநகர் பிரிட்டோரியாவோ லண்டனோ ஒரு பென்ஸ்கூடக் கணக்கெழுதவில்லை.