மருந்துக்கு மசியாத தெள்ளுப்பூச்சி: கேள்வி-பதில்

28 கிலோ லேப்ரடாருக்கு ஃபிப்ரோனில் ஸ்பாட்-ஆன் (தோலில் சொட்டாக விடும் தெள்ளு மருந்து) விட்டுப் பத்து நாள்தான் ஆகிறது. மறுபடி தெள்ளு. தெள்ளுக்கு மருந்தைத் தாங்கும் எதிர்ப்புத்திறன் வந்துவிட்டதா? வீட்டில் பூனையும் உண்டு. (கோவை)

எந்த அளவு பிப்பெட் (மருந்து அடைத்த சிறு குழாய்), எப்போது குளிப்பாட்டினீர்கள், பூனைக்கு என்ன விட்டீர்கள்? மூன்றையும் எழுதாமல் மருந்தின் மேல் பழி போடாதீர்கள்.

நாய் மேல் தெரிவது நூற்றுக்கு ஐந்துதான். மீதியெல்லாம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாகப் பாய்க்கடியிலும் சோபா இடுக்கிலும் கிடக்கின்றன. ஒரு பெண் தெள்ளு நாளைக்கு 40, 50 முட்டை இடும். கூட்டுக்குள் இருப்பதை எந்தத் தெளிப்பும் எட்டாது. ஆள் நடமாடும் அதிர்வும் உடல் சூடும் பட்டதும் அது வெளியே வந்து நாய் மேல் ஏறும். ஏறியது சாக ஒரு நாள் ஆகும். நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் தப்பியதை அல்ல, புதிதாக ஏறியதை. இந்த வரத்து ஓய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும்.

20 முதல் 40 கிலோ வரை 2.68 மி.லி. பிப்பெட். அதில் பாதியை இன்னொரு நாய்க்கு என்று பங்கு போடுவதுதான் நான் ஓயாமல் கண்டிக்கும் பழக்கம். அரைகுறை அளவில் கொஞ்சம் தாங்குதிறன் உள்ள தெள்ளு பிழைத்து, அதுவே இனம் பெருக்கும். இல்லாத எதிர்ப்பை நாமே வளர்க்கிறோம். எடை பாருங்கள். தோள்பட்டைகளுக்கு நடுவே தோல் தெரியும்வரை முடியை விலக்கி முழுவதும் விடுங்கள். முடிமேல் விட்டால் வீண். முன்னும் பின்னும் இரண்டு நாள் குளியல் கூடாது. பூனைக்கும் அதே நாளில், பூனைக்கான மருந்து.

இத்தனையும் சரியாகச் செய்து, மூன்று மாதம் கழித்தும் குறையவில்லையென்றால் எதிர்ப்பைச் சந்தேகியுங்கள். அப்போது மருத்துவரிடம் கேட்டு வேறு வகை மருந்துக்கு மாறுங்கள். அதே வகையை வேறு பெயரில் வாங்கிப் பயனில்லை.

மாட்டு உண்ணிக்கு வாங்கிய டெல்டாமெத்ரினைக் கலக்கி நாயைக் குளிப்பாட்டினேன். தெள்ளு சாகவில்லை. அளவைக் கூட்டலாமா? (நாமக்கல்)

கூடாது. உண்மையான எதிர்ப்பு வெகுவாகப் பதிவாகியிருப்பது டெல்டாமெத்ரின் சேர்ந்த இந்தப் பைரித்ராய்டு வகையில்தான். மருந்து தாக்கும் இடம், தெள்ளின் நரம்பில் சோடியம் நுழையும் வாசல். அதன் மரபணு மாறிவிட்டால் மருந்து அங்கே சரியாகப் பிடிக்காது. டி929வி, எல்1014எஃப் என்ற இரு மாற்றங்களும் பூனைத் தெள்ளில் கண்டறியப்பட்டவை. அளவைக் கூட்டினால் நாய்க்குத்தான் நடுக்கமும் வாந்தியும் வரும். அதே வகைதான் பெர்மெத்ரின். நாய்க்கான பெர்மெத்ரின் ஸ்பாட்-ஆன் பூனையைக் கொல்லும், அதன் கல்லீரலால் அதைச் சிதைக்க முடியாது.

அமிட்ராஸுக்கும் தெள்ளு அடங்கவில்லையே? (தஞ்சாவூர்)

அது உண்ணிக்கும் சொறிப்பூச்சிக்கும். தெள்ளுக்கு என்றைக்குமே வேலை செய்ததில்லை. தோலைக் கவ்வி அசையாமல் கிடந்தால் உண்ணி. முடிக்குள் ஓடிக் குதித்தால் தெள்ளு. சந்தேகமென்றால் சீப்பில் வந்த கருந்தூளை ஈரப் பஞ்சில் வையுங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் தெள்ளின் எச்சம்.

ஃப்ளூரலானர் மாத்திரைக்கும் எதிர்ப்பு வருமா? (சென்னை)

ஃப்ளூரலானர், அஃபாக்ஸலானர் போன்ற ஐசாக்ஸசோலின் வகை மாத்திரைகளுக்குத் தெள்ளில் உறுதியான எதிர்ப்பு இதுவரை நிரூபிக்கப்படவில்லை. ஃப்ளூரலானர் 12 வாரம், அஃபாக்ஸலானர் ஒரு மாதம், தேதி தவறவிடாதீர்கள். இங்கும் எடை பார்த்துத்தான், உடைத்துப் பங்கு போடக்கூடாது. நாய்க்கு வலிப்பு வந்ததுண்டு என்றால் மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். இவ்வகை மருந்துகள் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018இல் எச்சரித்ததே வலிப்பு உள்ளிட்ட நரம்புப் பாதிப்புகளைப் பற்றித்தான்.

ஒரு மாதம் பூட்டியிருந்த வீட்டைத் திறந்ததும் கணுக்காலெல்லாம் கடி. (மதுரை)

கூட்டுக்குள் காத்திருந்தவை. தினமும் வாக்குவம் போட்டுப் பையை உடனே வெளியே எறியுங்கள். படுக்கைத் துணியை 60 டிகிரி நீரில் துவையுங்கள். தரைக்கு, முட்டையையும் புழுவையும் வளரவிடாத பைரிப்ராக்ஸிஃபென் அல்லது மெத்தோபிரீன் கலந்த தெளிப்பு.

நாயின் ஆசனவாயருகே அரிசி போல ஏதோ நெளிகிறது. (திருச்சி)

நாடாப்புழுவின் துண்டு. நாய் கடித்து விழுங்கிய தெள்ளு வழியாகப் போனது. பிராஸிக்வான்டெல், கிலோவுக்கு 5 மி.கி. அளவில். தெள்ளை ஒழிக்காமல் புழு மருந்து மட்டும் கொடுத்தால் அடுத்த மாதமே திரும்ப வரும்.