பரிந்துரைக் கடிதம்: யாரிடம் கேட்பது, என்ன எழுதுவது?

படிப்பை முடித்து வேலைக்குப் போகும் மாணவர்களுக்குப் பேராசிரியர்கள் தரும் பரிந்துரைக் கடிதம் பற்றி வந்த கேள்விகள் இவை. சிவில் பொறியியல் துறையில் நெடுங்காலம் பாடம் நடத்திவரும் பேராசிரியர் ஒருவர் பதில் சொல்கிறார்.

இறுதியாண்டு மாணவர், திருநெல்வேலி: ஐயா, கடிதத்தைத் துறைத்தலைவரிடம் வாங்குவதா, ப்ராஜெக்ட் வழிகாட்டியிடம் வாங்குவதா? துறைத்தலைவருக்கு என் பெயர்கூடத் தெரியாது. ஆனால் பெரிய பதவி.

வழிகாட்டியிடம் வாங்குங்கள் தம்பி. உங்களை அறியாதவர் எழுதித் தருவது நன்னடத்தைச் சான்றிதழாகத்தான் இருக்கும். அதைக் கல்லூரி அலுவலகமே தந்துவிடும். ஆய்வகத்தில் உங்கள் பக்கத்தில் நின்ற உதவிப் பேராசிரியர் எழுதும் பத்து வரிக்கு மதிப்பு அதிகம். கல்லூரி லெட்டர்ஹெட்டில், அவருடைய கல்லூரி மின்னஞ்சலும் தொலைபேசி எண்ணும் இருக்கும்படி வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் போய் நிற்காதீர்கள்.

உதவிப் பேராசிரியர், கோவை: இந்த ஆண்டு என்னிடம் உண்மையிலேயே அபாரமான மாணவி ஒருவர் இருக்கிறார். எழுத உட்கார்ந்தால் "கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர், பழகுவதற்கு இனியவர்" என்றுதான் வருகிறது. எப்படி எழுதுவது?

அந்த மூன்றையும் முதலில் அடித்துவிடுங்கள். சுமாரான மாணவருக்கும் நாம் அதையேதான் எழுதுகிறோம் என்பது நிறுவனத்துக்காரர்களுக்குத் தெரியும். அவர் என்ன செய்தார், நீங்கள் எதைக் கண்ணால் பார்த்தீர்கள், அதை எழுதுங்கள்.

என் மாணவி ஒருவரின் ப்ராஜெக்ட், சாம்பல் கலந்த எம்25 (வலிமைத் தரத்தின் பெயர்) கான்கிரீட். 28 நாள் நீரில் கிடந்த மூன்று கட்டிகளை உடைத்துப் பார்த்தபோது ஒன்று மட்டும் வெகுவாகத் தள்ளி நின்றது. சராசரியிலிருந்து ஒரு கட்டி 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த மாதிரியே செல்லாது என்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. அந்தக் கட்டியை விட்டுவிட்டு மற்ற இரண்டின் சராசரியைப் போடலாம், யார் கேட்கப் போகிறார்கள் என்றார்கள் குழுவில் இருந்தவர்கள். அவர் ஒப்பவில்லை. புதிதாக வார்த்து இன்னொரு 28 நாள் காத்திருந்தார். அறிக்கையை வேர்க்க விறுவிறுக்க முடித்தார். கடிதத்தில் நான் எழுதியது பெரும்பாலும் இதை மட்டும்தான். தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர் தேடும் நிறுவனத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

அடுத்தது, அந்த வேலைக்கு எது தேவையோ அதை எழுதுவது. இதற்கு நம் ஊரிலேயே ஒரு நல்ல கடிதம் இருக்கிறது. 1911 செப்டம்பரில் சென்னை மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட், எஃப்.ஏ. (அன்றைய இடைநிலைக் கல்லூரித் தேர்வு) தேறாத ஓர் இளைஞருக்கு எழுதியது. இளைஞர் ராமானுஜன். எண்கள் தொடர்பான கணிதத்தில் அவருக்கு அசாதாரணத் திறமை உண்டு என்று சொன்ன மிடில்மாஸ்ட் அதோடு நிறுத்தவில்லை. கணக்கிடுவதில் இயல்பான திறன் உள்ளவர், எண் வேலையில் மிக வேகமானவர் என்றும் சேர்த்தார். முடிவிலாத் தொடர்களைப் பற்றி ஒரு கணக்கர் அலுவலகத்துக்கு என்ன கவலை? கூட்டல் கழித்தல் விரைவாக வருமா என்பதுதான் அவர்களுடைய கேள்வி. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் சென்னைத் துறைமுகத்துக்கு விண்ணப்பித்தபோது ராமானுஜன் இணைத்தது இந்தக் கடிதத்தைத்தான். மார்ச் முதல் தேதி மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். உங்கள் மாணவி வடிவமைப்பு அலுவலகத்துக்குப் போகிறாரா, களத்துக்குப் போகிறாரா என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பேனாவை எடுங்கள்.

"நான் கண்டவர்களிலேயே தலைசிறந்தவர்" என்ற வரியை மட்டும் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள். ஆண்டுதோறும் உங்கள் கல்லூரிக்கே வளாக நேர்காணலுக்கு வரும் நிறுவனம் பழைய கடிதங்களை வைத்திருக்கும்.

அதே துறையிலிருந்து இன்னொருவர்: பெண் பிள்ளைகளுக்கு "அமைதியானவர், சொன்னதைச் செய்பவர்" என்று எழுதுவது நல்லதுதானே? நிறுவனங்கள் அதைத்தானே விரும்பும்?

களத்தில் மேஸ்திரியிடம் "இந்தக் கம்பி இடைவெளி தவறு, பிரித்துக் கட்டுங்கள்" என்று சொல்ல வேண்டிய பெண்ணுக்கா இப்படி எழுதுவீர்கள்? நல்லெண்ணத்தில் வைக்கிற கொள்ளி இது. அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியர் பணிக்கு வந்த 300-க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை அலசிய ஆய்வு 2003-இல் வெளிவந்தது. பெண்களுக்கான கடிதங்கள் சராசரியில் சிறியவை. ஐயத்தைக் கிளப்பும் வரிகள் அவற்றில் அதிகம். ஆண்களின் ஆராய்ச்சியைப் பேசிய இடத்தில் பெண்களின் கற்பித்தலைப் பேசின. எழுதியவர்கள் யாரும் கெடுக்க நினைத்திருக்க மாட்டார்கள். எழுதி முடித்ததும் பெயரை மாற்றி ஓர் ஆணின் பெயரைப் போட்டுப் படித்துப் பாருங்கள். இடிக்கிற வரியை எடுத்துவிடுங்கள்.

மாணவர், சேலம்: "நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்கிறார் என் பேராசிரியர். எழுதலாமா?

எங்கும் நடக்கிறது, எனக்குப் பிடிக்காத வழக்கம். கடிதமாக எழுதாமல் குறிப்பாக எழுதிக் கொடுங்கள்: அவரிடம் படித்த பாடங்கள், ப்ராஜெக்டில் உங்கள் பங்கு, போக நினைக்கும் வேலை, ஒரு பக்கத்துக்குள். அப்படியே அவர் கையெழுத்திட்டால் பொறுப்பு அவருடையது. நண்பர்கள் நான்கு பேர் ஒரே மாதிரியை இணையத்திலிருந்து எடுத்து நான்கு பேராசிரியர்களிடம் கையெழுத்து வாங்கி ஒரே நிறுவனத்துக்கு அனுப்புவதையும் பார்த்திருக்கிறேன்.

மாணவர், பெயர் வேண்டாம் என்கிறார்: இரண்டாம் ஆண்டில் மூன்று அரியர். பிறகு தேறிவிட்டேன். கடிதத்தில் அதைச் சொல்லச் சொல்வதா, மறைக்கச் சொல்வதா?

மதிப்பெண் பட்டியல் எப்படியும் சொல்லிவிடும். விழுந்தவர் எழுந்த விதத்தைப் பேராசிரியர் பார்த்திருந்தால் ஒரு வரி எழுதட்டும். காரணம் வீட்டுச் சிக்கல் என்றால், உங்கள் சம்மதம் இல்லாமல் அதைத் தொடக்கூடாது.

ஒரு தந்தை, மதுரை: என் மகனுக்குக் கடிதம் தர அவனுடைய பேராசிரியர் மறுக்கிறார். முதல்வரிடம் முறையிடலாமா?

வேண்டாம் ஐயா. வற்புறுத்தி வாங்கும் கடிதம் எப்படி இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மறுத்தவர் ஒரு வகையில் உதவிதான் செய்திருக்கிறார். 1900-இல் சூரிச்சில் படிப்பை முடித்த ஐன்ஸ்டைனுக்குக் கல்லூரி வேலை எதுவும் கிடைக்கவில்லை. தம் பேராசிரியர் வெபர்தான் குறுக்கே நிற்கிறார் என்று அவர் நம்பினார். கடைசியில் நண்பர் கிராஸ்மனின் தந்தை சொன்ன சிபாரிசு பலித்து, 1902-இல் பெர்ன் காப்புரிமை அலுவலகத்தில் சேர்ந்தார். உங்கள் மகனை அறிந்த வேறு ஆசிரியர் இருப்பார். பயிற்சிக்குப் போன இடத்துப் பொறியாளர் இருப்பார். அவர்களை மகனே போய்க் கேட்கட்டும்.

கட்டுமான நிறுவனத்தின் மனிதவள அதிகாரி, சென்னை: எங்களுக்கு வரும் கடிதங்களில் எல்லாரும் தங்கக்கட்டிகள். எதை நம்புவது?

எழுதியவரைத் தொலைபேசியில் பிடியுங்கள். "நல்ல மாணவரா?" என்று கேட்காதீர்கள், ஆம் என்றுதான் சொல்வோம். "முதல் ஆறு மாதம் இவரை எதில் தனியே விடலாம், எதில் கூட ஆள் வேண்டும்?" என்று கேளுங்கள். மாணவரை அறிந்தவர் உடனே சொல்வார். அறியாதவர் மீண்டும் ஒழுக்கம், உழைப்பு என்று தொடங்குவார். மாலை நான்கு மணிக்கு மேல் அழையுங்கள். அதற்கு முன் நாங்கள் ஆய்வகத்தில் இருப்போம், மணி அடிப்பது கேட்காது.