வண்டிச் சத்தம் கேட்டதும் ஏன் நிறுத்துகிறாள்?

கேள்வி: எனக்கு வயது 47. தென்காசியில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். பிள்ளைகள் வெளியூரில் படிக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் பாட்டுப் படித்த என் மனைவி, இப்போது மறுபடியும் ஒரு டீச்சரிடம் போகிறாள். பதம் என்று ஏதோ பாடுகிறாள். ‘அவர் இன்னும் வரக்காணோமே’ என்கிற மாதிரி ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுகிறாள். கட்டில், முத்தம் எல்லாம் வருகிறதாம். “தாசி பாட்டு, வளவு முழுக்கக் கேக்குது, ஜன்னலையாவது சாத்தச் சொல்லு” என்கிறார் அம்மா. ராத்திரி நான் கடை அடைத்து வரும்போது, வண்டிச் சத்தம் கேட்டதுமே பாட்டை நிறுத்திவிடுகிறாள். யாரை நினைத்துப் பாடுகிறாள்? சாமி பாட்டு மட்டும் பாடச் சொல்லலாமா?

பதில்: தம்பி, வண்டிச் சத்தம் கேட்டதும் நிறுத்துகிறாள் என்பதை அவள் குற்றத்துக்குச் சாட்சியாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது உங்களைப் பற்றிய சாட்சியாகத்தான் படுகிறது. தெருமுனையில் திரும்புவது உங்கள் வண்டிதான் என்று சத்தத்தை வைத்தே அவளுக்குத் தெரிகிறது. வேறு யாருக்காகவோ பாடுகிறவளுக்கு அந்தக் காது எதற்கு? சுருதிப் பெட்டியை அணைத்துவிட்டு அடுக்களைக்குப் போய் தோசைக்கல்லை அடுப்பில் வைக்கிறாள். நீங்கள் வந்தால் பாட்டு நிற்க வேண்டும் என்று இத்தனை வருடத்தில் அவளுக்குப் பழக்கிவைத்தது யார்? நீங்கள் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டீர்கள். கேட்காமலே இருந்திருப்பீர்கள். ‘வருகிறதாம்’ என்று எழுதுகிறீர்கள். மனைவி பாடும் பாட்டில் என்ன வருகிறது என்பதே உங்களுக்கு அம்மா சொல்லித்தான் தெரிகிறது. ஒரு பாட்டையாவது உட்கார்ந்து கேட்டதாகக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை.

அந்த ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடுவதுதான் பதம். வராதவனைப் பற்றி முதல் தடவை பாடும்போது அது வெறும் கேள்வி. அதே சொற்கள் அடுத்த தடவை ஒரு பிடி மேலே ஏறினால் கோபம், இறங்கி ஒரு ஸ்வரத்தில் நின்று அசைந்தால் ஏக்கம். இன்னொரு தடவை, அவன் தொட்ட நினைப்பு. சொல் மாறுவதில்லை, ராகம்தான் அத்தனையையும் சொல்கிறது. அதனால்தான் பதத்துக்கு அவ்வளவு மெதுவான காலம். ஜாவளி என்று இன்னொரு வகைக் காதல் பாட்டு உண்டு, அது துள்ளிப் போய்விடும், சீண்டும், சிரிக்கும். பதம் நகராது. முகாரியிலோ சஹானாவிலோ ஒரு எழுத்தின் மேலேயே நின்று அதைக் கனிய வைக்கும். ஆனந்தபைரவி கல்யாண வீட்டிலும் பாடுகிற ராகம், பதத்திலும் வருகிற ராகம். இதெல்லாம் இருபது வயதில் தொண்டைக்கு வரலாம், மனசுக்கு வராது. உங்கள் மனைவி சரியான வயதில்தான் எடுத்திருக்கிறார்.

சாமி பாட்டு என்று எதைப் பிரிப்பீர்கள்? உங்கள் ஊரிலிருந்து குற்றாலம் போகிற வழியில்தான் மேலகரம், திரிகூடராசப்பக் கவிராயரின் ஊர். அவருடைய குறவஞ்சியில் குற்றாலநாதர் பவனியைப் பார்த்த வசந்தவல்லி காமத்தில் வெந்து நிலாவைத் திட்டுகிறாள். அதற்கு மதுரை நாயக்க மன்னர் நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்கே குறவஞ்சி மேடு என்று பேர். 17ஆம் நூற்றாண்டில் க்ஷேத்ரய்யா தெலுங்கில் பாடிய பதங்களும் கோபாலனைப் பற்றியவைதான், அவற்றில் கட்டிலும் உண்டு, கோபமும் உண்டு. ஜீவாத்மா பரமாத்மாவைத் தேடுகிறது என்று சொல்லி அம்மாவைச் சமாதானப்படுத்தலாம். அது பொய்யில்லை, ஆனால் முழுசும் இல்லை. அந்தப் பாட்டில் உடம்பு இருக்கிறது. இருக்கட்டும். புருஷன் பெண்டாட்டி இருக்கிற வீட்டில் அதற்கு இடமில்லை என்றால் வேறு எங்கே இடம்?

தாசி பாட்டு என்ற சொல்லை அம்மா வசவாகச் சொல்லியிருக்கிறார். அந்த வீட்டுப் பெண்கள் காப்பாற்றித் தந்ததால்தான் பதம் இன்றைக்கு இருக்கிறது. வீணை தனம்மாள் (1867-1938), அவருடைய பேத்திகள் பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி: இவர்கள் பாடி வைத்ததைத்தான் இன்றும் கற்றுக்கொள்கிறார்கள். அந்தச் சொல்லை உங்கள் வீட்டில் இனி யாரும் வசவாகச் சொல்லக் கூடாது. அதை அம்மாவிடம் சொல்ல வேண்டியவர் மகன். மருமகள் சொன்னால் சண்டை, நீங்கள் சொன்னால் பேச்சு. பெற்றவளுக்கு மரியாதை கொடுப்பது கடமைதான். அதற்காகக் கட்டியவளின் வாயை அடைப்பது கடமையில்லை.

வாரத்தில் ஒரு நாளாவது கடையைப் பையனிடம் விட்டுவிட்டு ஏழு மணிக்கு வீட்டுக்கு வாருங்கள். ஒளிந்து நின்று கேட்காதீர்கள், அது திருட்டு. வண்டிச் சத்தம் கேட்கும்படியே வாருங்கள். அவள் நிறுத்துவாள். தார்சாவில் உட்கார்ந்து, “பாடு, எனக்குப் பசியில்லை” என்று சொல்லுங்கள். முதல் நாள் பாட மாட்டாள், சந்தேகப்படுவாள். அடுத்த வாரமும் வாருங்கள். போனை எடுக்காதீர்கள். பாடி முடித்ததும் யாரைப் பற்றிய பாட்டு என்று கேட்காதீர்கள், என்ன ராகம் என்று கேளுங்கள். ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.