வலிக்காத ஞானப்பல்லையும் எடுக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு வயது 24. கீழ்த்தாடையில் வலப்பக்கக் கடைசிப் பல் பாதிதான் முளைத்திருக்கிறது. ஆறு மாதத்தில் இரண்டு முறை அங்கே ஈறு வீங்கி, வாயைத் திறக்கவே முடியவில்லை. மாத்திரை போட்டதும் சரியாகிவிட்டது. எக்ஸ்ரே பார்த்த மருத்துவர், பல் சாய்ந்து முளைத்திருக்கிறது, எடுத்துவிடலாம் என்கிறார். வலி இல்லாத மற்ற மூன்று ஞானப்பற்களையும் சேர்த்தே எடுத்துவிடலாமா? பல் பிடுங்கினால் கண் பார்வை மங்கும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள்.
- வாசகி, திருச்சி

பதில்: கண்ணைப் பற்றிய பயத்தை முதலில் விட்டுவிடுங்கள். பல்லுக்கு உணர்ச்சி தரும் நரம்பு வேறு, பார்வை நரம்பு வேறு. பல்லை எடுப்பதால் பார்வை மங்காது.

உங்கள் கீழ்ப்பல்லை எடுப்பதுதான் சரி. பாதி முளைத்த பல்லின் மேல் ஈறு மூடி போலப் படிந்திருக்கும். அதற்கடியில் சோற்றுப் பருக்கை போனால் பிரஷ் எட்டாது. கிருமி பெருகி வீங்கும். வீங்கிய ஈறை மேல்பல் வேறு கடிக்கும். மாத்திரை கிருமியை அடக்கும், அந்த இடுக்கை அடைக்காது. அதனால்தான் திரும்பத் திரும்ப வருகிறது. பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பு 2000-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஏறக்குறைய இதையே சொன்னது: தொல்லை தராத ஞானப்பல்லை எடுக்க வேண்டாம், முதல் வீக்கம் கடுமையாக இல்லையென்றால் பொறுக்கலாம், இரண்டாவது முறை வந்தால் எடுக்கலாம்.

எனக்கு அதைவிடக் கவலை பக்கத்துப் பல்தான். சாய்ந்த பல்லுக்கும் அதற்கும் நடுவில் அழுக்கு தேங்கி, நன்றாக மெல்லக்கூடிய அந்தப் பல்லும் சொத்தையாகிவிடலாம். வலி தெரிவதற்குள் சொத்தை ஆழமாகப் போயிருக்கும்.

மற்ற மூன்று? நேராக முளைத்து, பிரஷ் எட்டினால் இருக்கட்டும். "எப்படியும் ஒருநாள் தொல்லை தரும்" என்பது மட்டும் எடுக்கக் காரணமாகாது. முன்பற்கள் நெருக்கிக்கொள்ளும் என்று எடுப்பதையும் நான் ஆதரிப்பதில்லை. ஆனால் வலப்பக்க மேல்பல் ஈறையோ கன்னத்தையோ கடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கடித்தால் அதையும் கூடவே எடுக்கலாம்.

எடுப்பதற்கு முன் மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: பல்லின் வேர், தாடைக்குள் ஓடும் நரம்புக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது? ரொம்ப நெருக்கம் என்றால் முப்பரிமாண ஸ்கேன் தேவைப்படலாம். அந்த நரம்பு அடிபட்டால் கீழுதடும் மோவாயும் மரத்துப்போகும். பெரும்பாலும் நாளடைவில் சரியாகிவிடும். அபூர்வமாகச் சிலருக்கு நிரந்தரமாகவே தங்கிவிடுவதும் உண்டு. அதற்காக வருடக்கணக்கில் தள்ளிப்போடவும் வேண்டாம். வயது ஏற ஏற எலும்பு இறுகும், புண் ஆறுவதும் தாமதமாகும்.

அதற்குள் மறுபடி வீங்கினால் வெதுவெதுப்பான உப்புநீரில் கொப்பளியுங்கள். கன்னத்தில் சூடான ஒத்தடம் கொடுக்க வேண்டாம். மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டி ஆன்டிபயாடிக் வாங்கும் பழக்கமும் வேண்டாம். வீக்கம் கழுத்துக்கு இறங்கினாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ, மூச்சு முட்டினாலோ காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

எடுத்த பிறகு இரண்டு மூன்று நாள் கன்னம் வீங்குவது இயல்பு. முதல் நாள் கொப்பளிக்கவோ, துப்பிக்கொண்டே இருக்கவோ, ஸ்ட்ராவில் உறிஞ்சவோ கூடாது. குழியில் உறைந்த ரத்தம் பெயர்ந்துவிடும். குறைந்துவந்த வலி மூன்றாம் நான்காம் நாளில் திடீரென்று கூடி, காதுவரை இழுத்தால் அதுதான் நடந்திருக்கும். வலி மாத்திரையைக் கூட்டிப் போடாமல் மருத்துவரிடம் போங்கள். குழியைக் கழுவி மருந்து வைத்தாலே வலி நன்றாகக் குறையும்.